அருகில் இருப்பவர்களைக் கவனியுங்கள்

ஊரடங்கு வந்த நாளிலிருந்து ஊரில் அதிகமாகத் திட்டு வாங்கியது கிருமி இல்லை, மைக்கக்காதான். கிருமியைத் திட்டி என்ன பிரயோஜனம், அது கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. மைக்கக்கா இரண்டுக்கும் அகப்படுவாள். பேருந்து நிலையத்தில் பல வருடங்களாக அறிவிப்பு செய்கிறவள் அவள். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதமாக வரும், யார் தவறவிட்ட குடை தகவல் அறையில் கிடக்கிறது என்றெல்லாம் சொல்லிச் சொல்லி அவள் குரல் ஊருக்கே பழகிப்போயிருந்தது. வண்டிகளை எல்லாம் நிறுத்திவிட்டு, வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று ஊருக்குச் சொல்ல ஒரு குரல் வேண்டும் என்றபோது நகராட்சிக்கு வேறு யார் ஞாபகம் வரும்?

ஆள் இல்லாத நிலையத்தின் கண்ணாடி அறையில் உட்கார்ந்துதான் அதைப் பதிவு செய்தாள். அதிகாரி போனில் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, இவள் ஒவ்வொரு வரியாக மைக்கில் சொன்னாள். அவருக்கு அவசரம். இவளுக்கு அந்த வேலை தண்ணீர் பட்ட பாடு. எங்கே இழுக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதை எல்லாம் வாய் பார்த்துக்கொள்ளும். மனது வீட்டில் உருளைக்கிழங்கு இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். அன்றும் அப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையிலிருந்து ஒரு வேன் அந்தக் குரலைத் தலையில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்ற ஆரம்பித்தது.

சட்டம் போட்டது யாரோ. காதில் விழுந்தது இவள் குரல். கோபம் குரல் இருந்த திசையில் போயிற்று. பால் வாங்கப் போய் வட்டம் போட்ட இடத்தில் நின்றால், பின் வட்டத்தில் நிற்கிற பெண், "நேத்து ஒரு நேரம் சொன்னே, இன்னிக்கு ஒரு நேரம் சொல்றே. உனக்கு ஒரே பேச்சு கிடையாதா?" என்று கேட்பாள். தெருமுனைத் தையல்காரர், பூட்டிய கடையின் வாசலில் நின்றுகொண்டு, "என் மிஷினுக்குத் துணி போட்டு மூட வச்ச புண்ணியவதி போறா பாரு" என்பார். பிள்ளைகள் மொட்டைமாடியில் நின்று வாய்க்கு முன்னால் கையைக் குவித்து அவளைப் போலவே பேசிக் காட்டும். அது மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. "மூச்சை நடுவுல விடறீங்க. கடைசியில விடணும்" என்று கீழேயிருந்து திருத்துவாள்.

லேசில் மடங்குகிற ஆள் இல்லை மைக்கக்கா. திட்டுகிறவர்களிடம், "திட்டுங்க, வேணாங்கல. மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்திட்டுத் திட்டுங்க" என்று சொல்லிவிட்டு நகர்வாள்.

தெருவைப் பார்த்து வாசல் வைத்த கீழ்வீடு அவர்களுடையது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் சமையலறை. அவள், அவளுடைய வீட்டுக்காரர், மாமனார் என்று மூன்று பேர். வீட்டுக்காரர் பேருந்து நிலையத்தில் டீக்கடை வைத்திருந்தார். ஊரடங்கில் பார்சல் கொடுக்கலாம் என்று அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. வாங்குவதற்கு ஆள் வரக்கூடாது என்று தடையும் இருந்தது. அனுமதிச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் காலி நிலையத்தில் நாய்களோடு உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் பாத்திரங்களை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். கூட்டத்துக்குப் போட்டே பழகிய கை, மூன்று பேருக்கு அளவு பிடிபடவில்லை. டீ போட்டால் வாளி நிறைய நிற்கும். உருளைக்கிழங்கு வேகவைத்தால் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் காணும். ஆனால் இப்போது பக்கத்து வீடுகளில் யாரும் எதையும் வாங்கிக்கொள்வதில்லை.

காரணம், மாமனாரின் இருமல்.

மாமனார் மாவு மில்லில் வேலை பார்த்தவர். மூட்டை பிரித்துக் கொட்டுவது, சலிப்பது, தைப்பது என்று தலை நரைக்கும் முன்னால் புருவம் நரைக்கிற வேலை. மூச்சோடு உள்ளே போன மாவு முழுவதும் வெளியே வரவில்லை. வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆயிற்று, இருமல் அவரை விடவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு வரிசை, வெயில் ஏறியதும் அடங்கும், சாயங்காலக் காற்றுக்கு மறுபடியும் ஒரு வரிசை. தெருவுக்கே தெரிந்த இருமல் அது. முன்பெல்லாம் தெருவில் போகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு, "மில்லு ஓட ஆரம்பிச்சாச்சு" என்று சிரித்துக்கொண்டே போவார்கள். இப்போது அதே இருமலைக் கேட்டால் எதிர்வீட்டு ஜன்னல் மூடுகிறது. வேளை கெட்ட வேளையில் மழைக்காலமும் ஆரம்பித்திருந்தது. ஈரக்காற்று பட்டதும் பெரியவரின் நெஞ்சு இன்னும் அதிகமாகக் கரகரத்தது.

இருமல் இருக்கிறது என்று யாராவது போன் செய்தால் போதும், வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தையே முகாமாக ஆக்கியிருந்தார்கள். ஒரு வகுப்பறைக்குப் பத்துக் கட்டில். முடிவு வரும் வரையில் இருமுகிறவர்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் கிடக்க வேண்டும். நோய் இல்லாமல் உள்ளே போனாலும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வரவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பாதி நுரையீரலை மில்லுக்குக் கொடுத்துவிட்டு வந்த மனிதர் அங்கே போனால் திரும்பி வருவாரா என்பதுதான் அந்த வீட்டின் பயம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாக வேலை செய்தார்கள்.

வேலை என்றால், இருமலை மறைக்கிற வேலை. யோசனை மைக்கக்காவுடையது.

"மாமா, குக்கர் விசில் அடிக்கும்போது இருமிக்கோங்க. வெளிய தெரியாது."

"விசில் வரவரைக்கும் நெஞ்சுல எங்க வச்சுக்கறது?" என்றார் மாமனார்.

"முடியலன்னா எனக்கு ஜாடை காட்டுங்க. மிக்ஸிய ஓட விடறேன்."

"உள்ள ஒண்ணும் இல்லாம மிக்ஸி ஓட்டினா கெட்டுப்போயிடும்" என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப நீங்க பாத்திரத்தக் கீழ போடுங்க. அதுல உங்களுக்கு நல்ல அனுபவம்."

இப்படியாக அந்த வீட்டில் நாள் முழுவதும் ஏதாவது ஒரு சத்தம். விசில் அடிக்கும், பெரியவர் இருமுவார். மிக்ஸி சுற்றும், இருமுவார். தட்டு விழும், இருமுவார். எல்லாவற்றையும்விட வசதியாக இருந்தது வேன்தான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மைக்கக்காவின் குரல் தெருவை நிறைத்துக்கொண்டு போகும். அந்த நேரத்துக்காகப் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். வேன் தெருமுனை திரும்பியதும் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து, ஆசை தீர இருமுவார். "உன் குரலுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும்னு நினைக்கவே இல்லம்மா" என்று மருமகளிடம் சொல்வார்.

கெட்டதும் அந்த வேனால்தான்.

அன்று சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. வேன் தெருவுக்குள் வந்தது. "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்று குரல் ஆரம்பித்தது, பெரியவரும் ஆரம்பித்தார். காலையிலிருந்து சேர்த்துவைத்தது எல்லாம் ஒரே மூச்சாக வந்துகொண்டிருந்தபோது, தெருக்கோடியில் புதிதாக வைத்த தடுப்புக்கு முன்னால் வேன் நின்றது. யாரைக் கேட்டுத் தெருவை அடைத்தார்கள் என்று டிரைவர் காவலரிடம் சண்டை போட இறங்கினான். சண்டை கேட்க வேண்டுமே என்று சத்தத்தை அணைத்துவிட்டுப் போனான். மழைத்தெருவில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. பெரியவரின் இருமல் மட்டும் நடுத்தெருவில் தனியாக நின்றது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு தட்டைத் தரையில் போட்டார். அதற்குள் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

எதிர்வீட்டு மாடியில் கணக்கு வாத்தியார் இருந்தார். மனைவி வெளியூரில் மகள் வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போன இடத்தில் வண்டி நின்றுபோய் அங்கேயே மாட்டிக்கொண்டாள். இவர் தனியாக மாடியில் கிடந்தார். சட்டம் என்றால் சட்டம் என்று நினைக்கிற மனிதர். வாங்கி வந்த வெங்காயத்தைக்கூட சோப்புப் போட்டுக் கழுவுவார். சற்று நேரத்தில் அவர் பால்கனிக்கு வந்து நின்றார். முகக்கவசத்துக்கு மேல் இன்னொன்று போட்டிருந்தார்.

"ஏம்மா, கொஞ்சம் வெளிய வரீங்களா?"

மைக்கக்கா வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே கரண்டியோடு வீட்டுக்காரரும் வந்தார்.

"முதுகுக்குப் பின்னால ஒண்ணு செஞ்சுட்டு முன்னால சிரிக்கற ஆள் இல்ல நான். அதனாலதான் நேர்லயே சொல்லிடறேன். சுகாதாரத்துக்குப் போன் பண்ணிட்டேன். காலையில வருவாங்க."

"எதுக்கு சார்?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? நாள் பூரா குக்கர் விசில் அடிக்குது. மூணு பேருக்கு அவ்வளவு சமையலா?"

"எங்க வீட்டுக்காரர் சமைச்சா அவ்வளவுதான் சார்."

"விளையாடாதீங்கம்மா. பெரியவர் இருமறாரு."

"அவர் என்னிக்கு சார் இருமாம இருந்தாரு? நீங்க இந்தத் தெருவுக்குக் குடிவந்த அன்னிக்கே வந்து, யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேட்டீங்களே. மறந்துபோச்சா?"

வாத்தியார் கொஞ்சம் தடுமாறினார். "அது அப்ப. இப்ப எது பழைய இருமல், எது புது இருமல்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? எனக்கும் உயிர் இருக்கு இல்லையா?"

"எங்களக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றார் வீட்டுக்காரர்.

"ஏன் கேக்கணும்? உங்க வீட்டம்மாதானே காலையிலயும் சாயங்காலமும் வந்து சொல்லிட்டுப் போறாங்க. அருகில் இருப்பவர்களைக் கவனியுங்கள், அருகில் இருப்பவர்களைக் கவனியுங்கள்னு. கவனிச்சேன். தப்பா?"

"நான் அப்படிச் சொல்லல" என்றாள் மைக்கக்கா.

"ஊரே கேக்குது, நீங்க சொல்லலங்கறீங்க." வாத்தியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தெருக்கோடியில் சண்டை முடிந்து வேன் திரும்பி வந்தது. தூறலில் நனைந்துகொண்டு வாசலிலேயே நின்று மைக்கக்கா தன் குரலைத் தானே கேட்டாள். அதுவரை அவள் அதை ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டதில்லை. சமையல்காரனுக்குத் தன் சமையலில் ருசி தெரியாதது போலத்தான் அவளுக்கும். கைகளை அடிக்கடி கழுவுங்கள், முகக்கவசம் அணியுங்கள் என்று வரிசையாக வந்து, கடைசியில் சற்றுத் தாழ்ந்த, எச்சரிக்கிற குரலில், "அருகில் இருப்பவர்களைக் கவனியுங்கள்" என்றது வேன்.

வீட்டுக்காரர் கரண்டியை இறக்கினார். நிலையத்து ஒலிபெருக்கிக்கு நேர் கீழே டீ ஆற்றியவர் அவர்.

"இது நம்ம பிக்பாக்கெட் வரியாச்சே" என்றார்.

அதுதான். உங்கள் உடைமைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அருகில் இருப்பவர்களைக் கவனியுங்கள். நிலையத்தில் அவள் ஒவ்வொரு நாளும் சொன்ன வரி. கூட்டத்தில் பர்ஸ் அடிக்கிறவர்களுக்காகச் சொன்னது. அதிகாரி போனில் சொன்னது அது இல்லை. அருகில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றுதான் அவர் சொன்னார். அவர் குரல்கூட அவளுக்கு ஞாபகம் வந்தது. காது அதைக் கேட்டது, வாய் பழைய தடத்தில் ஓடிவிட்டது. அவள் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு 'கொள்' விழுந்துபோச்சுங்க" என்றாள்.

"சமையல் ஞாபகத்துல கொள்ளு தின்னுட்டியாக்கும்" என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. சட்டங்களுக்காக ஊர் திட்டியபோது அவளுக்கு உறைக்கவே இல்லை, ஏனென்றால் சட்டம் அவளுடையது இல்லை. இது அவளுடையது. பால் வாங்கும் இடத்தில் ஒருவர் தும்மினால் மற்ற எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்களே, அந்தப் பார்வையை வேனில் ஏற்றி வீடு வீடாகக் கொடுத்தவள் தானே என்று நினைத்தாள். இப்போது அது அவள் வாசலுக்கே வந்து நிற்கிறது.

அன்று அவர்கள் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். விசில் அடிக்க வேண்டிய அவசியம் இல்லாததால் வீடு அமைதியாக இருந்தது.

"பேசாம அப்பாவ மில்லு குடோனுக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமா? வாட்ச்மேன் நமக்குத் தெரிஞ்சவன்தான். அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் அங்க இருக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

மாமனார் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "நான் என்ன, யார் வீட்டுலயாவது திருடினேனா? குடோன்ல ஒளியறதுக்கு?"

"அதுக்கில்லப்பா."

"இத்தன நாளா ஒளிச்சு ஒளிச்சு இருமினேன் பாரு, அதுதான் தப்பு. எப்பவும் போல இருமியிருந்தா ஒருத்தனுக்கும் சந்தேகம் வந்திருக்காது. விசிலுக்கு விசில் இருமினா எவனுக்குத்தான் சந்தேகம் வராது?"

"அந்த யோசனையும் என்னோடதுதான் மாமா" என்றாள் மைக்கக்கா.

"உன் மேல தப்பு சொல்லலம்மா. நல்லாதான் யோசிச்சே. நான்தான் தாளம் தப்பிட்டேன்." அவர் டீயைக் குடித்துவிட்டு, எதையும் பொத்திக்கொள்ளாமல் இருமினார். "காலையில வரட்டும். என்ன கேக்கறாங்களோ பதில் சொல்லிக்கலாம்."

"மாமா, நான் உங்கள அனுப்ப மாட்டேன்" என்றாள் அவள். "நான் கெடுத்தத நானே சரி பண்றேன்."

"எப்படிப் பண்ணுவே?" என்றார் வீட்டுக்காரர்.

"வாயாலதான். எனக்கு வேற என்ன தெரியும்?"

காலையில் மழை விட்டிருந்தது. சுகாதார வண்டி வந்து நின்றதும் தெரு முழுவதும் ஜன்னல் திரைகள் அசைந்தன. ஒருவரும் வெளியே வரவில்லை. வண்டியிலிருந்து இறங்கிய ஊழியர் ஒரு நடுவயதுப் பெண். தலையிலிருந்து கால் வரை பிளாஸ்டிக் உடுப்பு, உள்ளே வியர்வை வழிவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பெரியவர் சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊழியர் அவர் மூக்கில் குச்சி விட்டு எடுத்தாள், காய்ச்சல் பார்த்தாள், நெஞ்சில் ஏதோ கருவியை வைத்துக் கேட்டாள்.

"காய்ச்சல் இல்ல. எத்தன நாளா இருமல்?"

"நாள் இல்லம்மா, எத்தன காலம்னு கேளு. மில்லுல சேர்ந்ததுலருந்து" என்றார் பெரியவர்.

"வந்து பாத்த வீட்டுல எல்லாம் பழைய இருமல்னுதான் சொல்றாங்க பெரியவரே. நான் எத நம்பறது?" அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ரெண்டு விஷயம் வேணும். பழைய நோய்தான்னு அக்கம்பக்கத்துல யாராவது வந்து சொல்லணும். வீட்டுல கவனிச்சுக்க ஆள் இருக்கணும். ரெண்டும் இருந்தா முடிவு வரவரைக்கும் வீட்டுலயே இருக்கலாம். இல்லன்னா வண்டியில ஏறணும்."

"ஆள் நாங்க இருக்கோம்" என்றார் வீட்டுக்காரர்.

"பக்கத்துல?"

வீட்டுக்காரர் தெருவைப் பார்த்தார். தையல்காரரின் வீட்டுத் திரை அசைந்து நின்றது. பால் வட்டத்தில் சண்டை போடுகிற பெண்ணின் ஜன்னலில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. வெளியே வந்து பேசினால் தங்களையும் வண்டியில் ஏற்றிவிடுவார்களோ என்று எல்லாருக்கும் பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. ஊழியர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டியின் பின்கதவைத் திறந்தாள். பெரியவர் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார்.

தெருமுனையில் வேன் திரும்பியது. "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்றது.

மைக்கக்கா செருப்புகூடப் போடாமல் ஓடி அதன் முன்னால் நின்றாள். டிரைவர் பிரேக்கை மிதித்தான்.

"அக்கா, என்ன இது? தள்ளுங்க."

"மைக்கக் குடு. நேர்ல பேசணும்."

"அதெல்லாம் முடியாதுக்கா. வண்டிக்குள்ள வெளியாள ஏத்தக்கூடாதுன்னு ஆர்டர்."

"யாரு வெளியாள்? மூணு வாரமா உன் வண்டிக்குள்ளதானே கத்திட்டிருக்கேன்."

டிரைவர் தலையைச் சொறிந்தான். பதிவை நிறுத்திவிட்டு, மைக்கை முன்ஜன்னல் வழியாக நீட்டினான். அதன் சுருள் கம்பி அவள் நின்ற இடம் வரைக்கும் எட்டியது. அவள் ஒரு மூச்சு இழுத்துவிட்டாள். மனதில் வேறு எந்த நினைப்பும் இல்லாமல் அவள் மைக்கைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அப்படியும் வாய் பழைய வழியில்தான் புறப்பட்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

எங்கேயும் போக வழியில்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த தெருவில் இதைக் கேட்டதும் மொட்டைமாடியில் ஒரு பிள்ளை சிரித்தது. அதைத் தொடர்ந்து திரைகளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மைக்கக்காவும் சிரித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"திருத்தப்பட்ட அறிவிப்பு. இத்தனை நாளாக வந்த அறிவிப்பில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. தவறு நகராட்சியுடையது அல்ல, என்னுடையது. அருகில் இருப்பவர்களைக் கவனியுங்கள் என்று சொன்னேன். அது பேருந்து நிலையத்தில் திருடர்களுக்காகச் சொல்வது. இந்தத் தெருவில் திருடர்கள் யாரும் இல்லை. அருகில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். மீண்டும் சொல்கிறேன். கவனித்துக்கொள்ளுங்கள்."

தெரு அமைதியாகக் கேட்டது. வண்டியின் கதவைப் பிடித்தபடி ஊழியரும் கேட்டுக்கொண்டிருந்தாள். மைக்கக்கா எதிர்மாடியைப் பார்த்துத் திரும்பினாள். நிலையத்தில் காணாமல் போனவர்களைக் கூப்பிடுவாளே, அதே நிதானத்தில் சொன்னாள்:

"எதிர்வீட்டு மாடியில் வசிக்கும் கணக்கு ஆசிரியர் அவர்கள், எங்கிருந்தாலும் உடனடியாகக் கீழே வரவும். ஒரு பெரியவர் உங்களுக்காக இங்கே காத்திருக்கிறார். ஆசிரியர் அவர்கள், எங்கிருந்தாலும் உடனடியாகக் கீழே வரவும்."

எங்கிருந்தாலும் என்ன, திரைக்குப் பின்னால் அவருடைய இரண்டு கால்களும் தெருவுக்கே தெரிந்தன. கொஞ்ச நேரம் அந்தக் கால்கள் அசையவில்லை. பிறகு காணாமல் போயின. மாடிப்படியில் மெல்ல இறங்குகிற சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வாத்தியார் கடைசிப் படியில் வந்து நின்றார். தெருவில் கால் வைக்கவில்லை.

"பழைய இருமல்தான்" என்றார் ஊழியரிடம். "நான் இங்க வந்ததுலருந்து கேக்கறேன். போன் பண்ணதும் நான்தான். எழுதிக்கோங்க."

"காலையில அந்த இருமல் கேட்டுத்தான் நான் எழுந்திருக்கறதே" என்று தையல்காரரின் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "மில்லு இருமல்ங்க அது" என்றாள் பால்வட்டத்துப் பெண், ஜன்னலை முழுதாகத் திறந்து. மாடியிலிருந்து இன்னும் யார் யாரோ சொன்னார்கள். ஒருவர் சொன்ன பிறகு சொல்வது எல்லாருக்கும் சுலபமாகத்தான் இருந்தது. ஊழியர் எழுதிக்கொண்டாள். வண்டியின் பின்கதவைச் சாத்தினாள். பெரியவர் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற மகனின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டார். மைக்கக்காவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவில்லை அவள்.

"சரி, நீங்க மேல போகலாம் சார்" என்றாள் ஊழியர்.

வாத்தியார் போகவில்லை. கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"இன்னொரு பேரையும் எழுதிக்கணும்."

"யாரு?"

"நான்தான்." குரல் இறங்கிப்போயிருந்தது. "முந்தாநாள்லருந்து ஜுரம். காப்பி வாசனை தெரியல. பெரியவர்கிட்டருந்துதான் வந்திருக்கும்னு நினைச்சேன். இப்பப் பாத்தா அவருக்கு ஜுரமே இல்லங்கறீங்க."

மைக்கக்கா சட்டென்று மைக்கின் பொத்தானை அணைத்தாள். ஆனாலும் பக்கத்து ஜன்னல்களுக்குக் கேட்டுவிட்டது. இப்போதுதான் திறந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ஊழியர் படியருகே போய் அவருக்கும் குச்சியை விட்டு எடுத்தாள், காய்ச்சல் பார்த்தாள், விரலில் எதையோ மாட்டிப் பார்த்தாள்.

"மூச்சு நல்லாதான் இருக்கு. தனி மாடி, வீட்டுலயே இருக்கலாம். கூட யார் இருக்கா?"

"யாரும் இல்ல."

"சாப்பாடு வைக்க, ராத்திரி ஒண்ணுன்னா போன் பண்ண, அக்கம்பக்கத்துல கவனிச்சுக்க யாராவது?"

வாத்தியார் தெருவைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவருக்குத் தெரியும். "அந்தப் பள்ளிக்கூடம் எனக்குப் பழக்கம்தான்" என்றார். "என் கிளாஸ்லயே ஒரு கட்டில் கிடைச்சா நல்லது." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஊழியர் பெருமூச்சு விட்டு, சாத்திய கதவை மறுபடியும் திறந்தாள்.

மைக்கக்கா மைக்கை டிரைவரிடம் கொடுத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தெருவின் நடுவில் வந்து நின்றாள்.

"கதவச் சாத்துங்க. சார நாங்க கவனிச்சுக்கறோம்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் சாத்திய ஜன்னல்களில் திரைகள் மறுபடியும் விலகின. வாத்தியார் கைப்பிடியோடு ஒரு படி மேலே ஏறிவிட்டார். "ஏய்" என்று வீட்டுக்காரர் மெதுவாக அதட்டினார். எல்லாரும் ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குச் சற்றுக் கழித்துத்தான் புரிந்தது.

"சாப்பாட்டச் சொன்னேன் சார்" என்றாள்.